மொட்டை மாடியில இருந்து வியாழனை படம் பிடிக்கிறது எப்படி

புதுசா டெலஸ்கோப் வாங்கினவங்க முதல்ல பண்றது, ஐபீஸ்ல (கண்ணு வச்சு பாக்கிற லென்ஸ்) போனை ஒட்டி வச்சு ஒரு கிளிக். வர்றது ஒரு வெள்ளை உருண்டை. உடனே "சிட்டி லைட்டுங்க, இங்கருந்தெல்லாம் ஒண்ணும் வராது"ன்னு தீர்ப்பு எழுதிட்டு டெலஸ்கோப்பை பரண்ல ஏத்திடறாங்க. சிட்டி வெளிச்சம் கெடுக்கிறது நெபுலா, கேலக்சி மாதிரி மங்கலான ஐட்டத்தைத்தான். வியாழன், சனி, செவ்வாய், வெள்ளி எல்லாம் தெருவிளக்குக்கு அடியில நின்னு பாத்தாலே தெரியும், அதனால கிரகத்தைப் பொறுத்தவரை தி.நகர் மாடியும் ஒண்ணுதான், ஏலகிரி மாடியும் ஒண்ணுதான்.

அப்புறம், கிரகத்தை யாரும் போட்டோவா எடுக்கிறதில்ல, வீடியோவாத்தான் எடுக்கிறாங்க. ஏன்னா நமக்கும் வியாழனுக்கும் நடுவுல காத்து இருக்கு, அது சும்மா இருக்காது. கிணத்தடியில கிடக்கிற காசை தண்ணி அலையும்போது பாக்கிற மாதிரி, படம் நெளிஞ்சுக்கிட்டே இருக்கும், நடுவுல எப்பவாவது ஒரு கணம் பளிச்னு நிக்கும். வீடியோவா ஆயிரக்கணக்கான பிரேம் எடுத்து, அந்த பளிச் பிரேமை மட்டும் சாப்ட்வேரை விட்டு பொறுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி சராசரி எடுத்தா, ஐபீஸ்ல கண்ணால பாத்ததை விட அதிக விவரம் கிடைக்கும். இதுக்கு லக்கி இமேஜிங்னு பேரு. நீங்க நெட்ல பாக்கிற நல்ல கிரகப் படம் கிட்டத்தட்ட எல்லாமே இப்படி வந்ததுதான்.

இதுல தமிழ்நாட்டுக்காரங்களுக்கு ஒரு லாட்டரி விழுந்திருக்கு, பாதி பேருக்கு அது தெரியறதே இல்ல. சென்னை 13 டிகிரி வடக்கு, மதுரை 10 டிகிரி. கிரகமெல்லாம் வானத்துல ஓடற பாதை நம்ம தலைக்கு மேலதான். ரொம்ப தெற்கால போற வருஷத்துல கூட சென்னையில கிரகம் 53 டிகிரி உயரத்துக்கு வந்துடும், அதே நேரத்துல லண்டன்காரருக்கு அது 15 டிகிரிதான், வீட்டுக் கூரையைத் தாண்டாது. உயரத்துல இருந்தா நாம பாக்க வேண்டிய காத்தோட தடிமன் குறைவு, அவ்வளவுதான் ரகசியம். இங்கிலாந்தைச் சேர்ந்த டேமியன் பீச், கிரகப் படத்துல உலகத்துலயே பெரிய கைகள்ல ஒருத்தர், அவர் டெலஸ்கோப்பை தூக்கிக்கிட்டு பார்படோஸ் தீவுக்குப் போய் எடுத்திருக்காரு, அந்த பார்படோஸ் இருக்கிறது 13 டிகிரி வடக்குல, அதாவது சென்னை லெவல். 2006 பிப்ரவரியில வியாழன்ல இருந்த ஒரு வெள்ளைப் புயல் சிவப்பா மாறியிருக்கிறதை கவனிச்சு உலகத்துக்குச் சொன்ன கிறிஸ்டோபர் கோ, பிலிப்பைன்ஸ்ல செபு ஊர்க்காரர், அது 10 டிகிரி, நம்ம மதுரை திருச்சி லெவல். அவ்வளவு தூரம் எதுக்கு, 1977 மார்ச் 10ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்போ அதோட வளையங்களுக்கான தடயம் நம்ம ஜவ்வாது மலை காவலூர்ல இருக்கிற 1 மீட்டர் டெலஸ்கோப்லயும் பதிவாச்சு. இடம் நல்ல இடம்தாங்க.

மாசம் பாத்து எடுக்கணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேகம் ஒரு பக்கம், அதுக்கு மேல கீழைக்காத்து ஜெட் ஸ்ட்ரீம் (ரொம்ப உயரத்துல வேகமா ஓடற காத்து) தென்னிந்தியாவுக்கு நேர் மேலயே ஓடும், அதனால வானம் தெளிஞ்ச ராத்திரியில கூட படம் கொதிக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வடகிழக்கு மழை, கேக்கவே வேணாம், ஆனா ரெண்டு மழைக்கு நடுவுல கழுவி விட்ட மாதிரி ஒரு ராத்திரி கிடைச்சா விடாதீங்க. நம்ம சீசன் ஜனவரி பாதியில இருந்து ஏப்ரல் வரைக்கும். டெல்லிக்காரங்களுக்கு அந்த நேரத்துல மேற்கத்திய ஜெட் ஸ்ட்ரீம் தலைக்கு மேல இருக்கும், பாவம், நமக்கு அந்தத் தொல்லை கம்மி. 2027 பிப்ரவரி 10 வியாழன் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வருது, பிப்ரவரி 19 செவ்வாய் வருது, ரெண்டுமே சிம்மத்துல, ரெண்டுமே நம்ம உச்சந்தலைக்கு கிட்ட, நம்ம நல்ல சீசன்ல. இப்பவே பழக ஆரம்பிச்சா அப்போ கை ரெடியா இருக்கும். சனி 2026 அக்டோபர் 4ல எதிர்ப்பக்கம் வருது, மழை என்ன சொல்லுதோ பாப்போம்.

சரி, சாமான். 6 இன்ச் இல்ல 8 இன்ச் டாப்சோனியன் (பேஸ் மேல வச்சு கையால திருப்பற கண்ணாடி டெலஸ்கோப், சுருக்கமா டாப்) இருந்தா போதும், வானத்தோட கூடவே தானா திரும்பற மோட்டார் மவுண்ட் இருந்தா சவுகரியம், இல்லன்னாலும் வழி இருக்கு, கீழ சொல்றேன். கேமராவுக்கு, ஐபீஸ் இடத்துல சொருகற சின்ன பிளானட்டரி கேமரா, ஏஎஸ்ஐ 224எம்சி மாதிரி கலர் கேமரா எதுவா இருந்தாலும் சரி. சிலதுல முன்னாடி வெறும் கண்ணாடிதான் இருக்கும், அதுக்கு யூவி ஐஆர் கட் பில்டர் (கண்ணுக்குத் தெரியாத புற ஊதா, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கறது) தனியா போடணும், போடலன்னா கலர் கன்னாபின்னான்னு வரும். டிஎஸ்எல்ஆர் இருந்தா, கேனான் 60டி மாதிரி சில மாடல்ல மூவி கிராப்னு 640க்கு 480 மோட் இருக்கு, சென்சாரோட நடுப்பகுதியை மட்டும் அப்படியே பதிவு பண்ணும், அது இதுக்கு அருமையா வேலை செய்யும். போன் மட்டும்தான் இருக்கா, பரவால்ல, போன் ஹோல்டர் ஒண்ணு வாங்கி ஐபீஸ்ல மாட்டி, எக்ஸ்போஷரை கையால குறைச்சு, போகஸை லாக் பண்ணி வீடியோ எடுங்க, வியாழனோட ரெண்டு பட்டையும் சனி வளையமும் கண்டிப்பா வரும்.

எவ்வளவு பெருசாக்கணும்ங்கிறதுலதான் நிறைய பேர் வழி தவறறாங்க. கேமரா பிக்சல் எத்தனை மைக்ரானோ அதை 5ஆல பெருக்குங்க, அந்த எப் நம்பருக்கு (குவிய நீளத்தை கண்ணாடி அகலத்தால வகுத்தா வர்றது) கிட்ட டெலஸ்கோப்பை கொண்டு வரணும். 3.75 மைக்ரான் பிக்சல்னா எப்/19 கிட்ட, 2.9 மைக்ரான்னா எப்/14 15. உங்க கிட்ட 8 இன்ச் எப்/6 டாப் இருந்தா 3எக்ஸ் பார்லோ (படத்தை 3 மடங்கு பெருசாக்கற லென்ஸ்) போட்டா எப்/18, கணக்கு முடிஞ்சுது. 6 இன்ச் எப்/8க்கு 2எக்ஸ் போதும், எப்/16. 5எக்ஸ் பார்லோ வாங்கி படத்தை ஊதிப் பெருசாக்கினா விவரம் கூடாது, வெளிச்சம்தான் குறையும், போகஸும் சிக்காது.

லேப்டாப்ல யூஎஸ்பி 3 இருக்கணும், எஸ்எஸ்டி இருந்தா நல்லது. 640க்கு 480ல செகண்டுக்கு 100 பிரேம்னா செகண்டுக்கு 30 எம்பி, ரெண்டு நிமிஷத்துக்கு 3.7 ஜிபி. ஒரு ராத்திரியில டிஸ்க் ரொம்பிடும், முன்னாடியே இடம் காலி பண்ணி வைங்க.

இப்போ மாடிக்கு வாங்க. சாமான் வாங்கறதுல காட்டற அக்கறையில பாதியை இங்க காட்டினா படம் மாறிடும். கான்கிரீட் தளம் பகல் பூரா வெயில் குடிச்சு வச்சிருக்கும், ராத்திரி அதைக் கக்கும், அந்த சூடு டெலஸ்கோப் வாய்க்கு முன்னாடியே ஆடும். வெயில் காலத்துல ராத்திரி 11 மணிக்கு முன்னாடி எடுக்கறது வீண். விடியக்காலம் 3, 4 மணிக்கு தளம் ஆறியிருக்கும், காத்தும் அடங்கியிருக்கும், கிரகம் அந்த நேரத்துல உயரமா இருந்தா அதுதான் நல்ல நேரம். ஓடு போட்ட வீடு, தோட்டம், புல்தரை இருக்கிறவங்க கீழயே வைக்கலாம், மண்ணு சீக்கிரம் ஆறிடும். பக்கத்து வீட்டு ஏசி அவுட்டோர் யூனிட் எங்க இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, அதுக்கு மேல இருக்கிற வானத்தை மறந்துடுங்க, மே மாசத்துல தெருவுக்கே ஏசி ஓடும்போது சுத்தி எல்லாப் பக்கமும் சூடு எழும்பும், அதனாலதான் நேர் மேல இருக்கிற கிரகத்துக்கு இவ்வளவு மரியாதை.

டெலஸ்கோப்பை ஏசி ரூம்ல வைக்காதீங்க. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல ஏசி ரூம்ல இருந்த கண்ணாடியை மாடிக்கு கொண்டு வந்தீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல பனி பூத்துடும், அதைத் துணியால துடைச்சா கோட்டிங் போச்சு, தானா காயற வரைக்கும் உக்காந்திருக்கணும். சாதா ரூம்ல வச்சு, எடுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மூடியைத் திறந்து வெளிய வைங்க. கண்ணாடிக்குப் பின்னாடி 12 வோல்ட் கம்ப்யூட்டர் பேன் ஒண்ணு மாட்டினா இன்னும் சீக்கிரம் ஆறும்.

அந்த ஒரு மணி நேரத்துல கொலிமேஷன் பாருங்க, அதாவது உள்ள இருக்கிற கண்ணாடிங்க ஒரே நேர்கோட்டுல இருக்கான்னு. லேசர் வச்சு தோராயமா கொண்டு வந்துட்டு, பிறகு பிரகாசமா ஒரு நட்சத்திரத்தை நடுவுல வச்சு போகஸை லேசா கலைச்சா வட்டம் வட்டமா தெரியும், நடுவுல கறுப்புப் புள்ளி சரியா மையத்துல இருக்கணும். ஒரு பக்கம் தள்ளி இருந்தா மெயின் கண்ணாடி ஸ்குரூவை இம்மி இம்மியா திருப்பணும், ஒவ்வொரு தடவையும் நட்சத்திரத்தை திரும்ப நடுவுக்கு கொண்டு வந்து பாக்கணும். இது சோம்பேறித்தனம் வர்ற இடம். ஆனா எப்/18ல கொலிமேஷன் கொஞ்சம் விலகினாலும் எத்தனை ஆயிரம் பிரேம் எடுத்தாலும் படம் மொழுக்குனுதான் இருக்கும்.

வியாழனை கண்டுபிடிக்க, முதல்ல பைண்டரை (டெலஸ்கோப் மேல குறி பாக்க வச்சிருக்கிற குட்டிக் குழல்) பகல்லயே தூரத்து செல்போன் டவர் உச்சியை வச்சு கரெக்ட் பண்ணிடுங்க, சூரியன் இருக்கிற பக்கம் மட்டும் டெலஸ்கோப்பை திருப்பவே கூடாது, கண்ணு போயிடும். ராத்திரி பார்லோ இல்லாம வெறும் கேமராவோட நடுவுல கொண்டு வந்துட்டு அப்புறம் பார்லோ போடுங்க. நேரா பார்லோவோட தேடினீங்கன்னா விடிஞ்சுடும்.

போகஸ்ல அவசரப்படாதீங்க. நாப்பைத் தொட்டாலே படம் குலுங்கும், அது அடங்க ரெண்டு செகண்டு ஆகும், குலுங்கும்போது போகஸ் சரியா தப்பான்னு சொல்லவே முடியாது. போகஸ் நாப்ல ஒரு துணி கிளிப்பை கவ்வ விடுங்க, கிளிப்போட வால் நுனியை விரலால தள்ளினா நாப் முடி அளவுக்குத்தான் திரும்பும், குலுக்கலும் பாதியாகும். வியாழனோட பட்டையை பாத்து போகஸ் பண்றதை விட பக்கத்துல நிக்கிற அதோட நிலாவைப் பாருங்க, அயோ, யூரோப்பா, எது கிட்ட இருக்கோ அது. போகஸ் வெளிய இருந்தா அது பஞ்சு மாதிரி ஊதி இருக்கும், உள்ள வர வர சுருங்கி ஒரு குட்டி உருண்டையா இறுகும், அதைத் தாண்டினா திரும்ப ஊதும். ரெண்டு பக்கமும் போய் பாத்துட்டு நடுவுல நிறுத்துங்க. ராத்திரி குளிர குளிர டியூப் சுருங்கி போகஸ் நகரும், அதனால அரை மணிக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்க.

ரெக்கார்ட் பண்ண ஷார்ப்கேப், ஃபயர்கேப்சர் ரெண்டும் நல்லா இருக்கு, எனக்கு கிரகத்துக்கு ஃபயர்கேப்சர்தான் பிடிக்கும், பைல் பேர்லயே நேரத்தை போட்டுடும். கிரகத்தைச் சுத்தி சின்னதா ஒரு கட்டம் மட்டும் எடுங்க, முழு சென்சாரும் வேணாம், கட்டம் சின்னதான்னா பிரேம் ரேட் எகிறும். வீடியோ பைல் பார்மட் எஸ்இஆர், 8 பிட் போதும். வியாழனுக்கு எக்ஸ்போஷர் 10 மில்லிசெகண்டுக்குள்ள வைங்க, ஹிஸ்டோகிராம் (படம் எவ்வளவு பிரகாசம்னு காட்டற கிராப்) 60, 70 சதவீதம் வர்ற வரைக்கும் கெயினை, அதாவது கேமரா சிக்னலைக் கூட்டற அளவை, ஏத்துங்க. ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா மணல் அள்ளிப் போட்ட மாதிரி தெரியும், பயப்படாதீங்க, 2,500 பிரேம் சேத்தா அந்த இரைச்சல் 50ல ஒரு பங்கா குறைஞ்சிடும். எக்ஸ்போஷரை நீட்டி கெயினை குறைக்கலாம்னு தோணும், வேண்டாம், நீட்டினா காத்தோட நெளிசல் ஒவ்வொரு பிரேம்லயும் பதிஞ்சிடும், அதை எந்த சாப்ட்வேராலயும் பிரிக்க முடியாது. சனி மங்கல், அதுக்கு 20 மில்லிசெகண்ட் வரைக்கும் போலாம். செவ்வாய்க்கு 5க்கு கீழ. வெள்ளிக்கு இன்னும் கீழ.

எவ்வளவு நேரம் எடுக்கலாம்? வியாழன் தன்னைத்தானே சுத்த 9 மணி 55 நிமிஷம்தான் ஆகுது, அவ்வளவு பெரிய உருண்டை. 8 இன்ச்ல நாம சொன்ன எப்/18ல நடுப்பகுதி நிமிஷத்துக்கு சுமாரா ஒரு பிக்சல் நகரும். அதனால ரெண்டு நிமிஷம், மிஞ்சினா மூணு, அதுக்கு மேல எடுத்தா வியாழனோட பெரிய புயலான சிவப்புப் புள்ளி இழுவிடும். செவ்வாய் நம்ம பூமி மாதிரி 24 மணி 37 நிமிஷம், அதுல தாராளமா எடுக்கலாம். சிவப்புப் புள்ளி எப்ப நம்ம பக்கம் திரும்பும்னு ஸ்டெல்லேரியம்னு வானத்தைக் காட்டற சாப்ட்வேர்ல பாத்து வச்சுக்கோங்க, அது இல்லாத பக்கத்தை எடுத்துட்டு "எங்க காணோம்"னு தேடக் கூடாது.

மோட்டார் இல்லாத டாப் வச்சிருக்கிறவங்களுக்கு: வானம் செகண்டுக்கு 15 ஆர்க்செகண்ட் நகருது (ஒரு ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரியில 3,600ல ஒரு பங்கு). 8 இன்ச் எப்/18ல, 640 பிக்சல் கட்டத்துல வியாழன் முழுசா ஆறு செகண்ட்தான் நிக்கும், 1,280 பிக்சல் அகலத்துக்கு விரிச்சா 15 செகண்ட் கிட்ட. அதனால உங்களுக்கு மட்டும் பெரிய கட்டம். கிரகத்தை ஒரு ஓரத்துல கொண்டு வந்து நிறுத்தி, கையை எடுத்து, குலுக்கல் அடங்கினதும் ரெக்கார்ட், மறு ஓரம் தொட்டதும் திரும்பத் தள்ளி வைக்கணும். ரெக்கார்டிங்கை நிறுத்தாம ஓட விட்டாலும் சரி. நாலஞ்சு தடவை தள்ளினா போதுமான பிரேம் சேந்துடும், பிப்னு ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கு, அது கிரகம் இல்லாத பிரேம், பாதி வெட்டுப்பட்ட பிரேம் எல்லாத்தையும் கழிச்சுட்டு மிச்சத்தை நடுவுல நிறுத்தி ஒரே வீடியோவா குடுத்துடும். ஒரே ஒரு எச்சரிக்கை, நம்ம ஊர்ல கிரகம் நேர் உச்சிக்கு வந்தா டாப்பை திருப்பறது நரகம், பேஸை எவ்வளவு சுத்தினாலும் டியூப் நின்ன இடத்துலயே நிக்கும். உச்சிக்கு வர ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ, 70 டிகிரி உயரத்துல இருக்கும்போது எடுத்துடுங்க. அங்கயும் காத்து நல்லாவே இருக்கும்.

ஒரே ராத்திரியில நிறைய வீடியோ எடுங்க. காத்து ஒரே மாதிரி இருக்காது, ஒரு கால் மணி நேரம் கொதிக்கும், திடீர்னு அஞ்சு நிமிஷம் கண்ணாடி மாதிரி நிக்கும், அந்த அஞ்சு நிமிஷத்துல நீங்க டீ போடப் போயிருக்கக் கூடாது.

காலையில ஆட்டோஸ்டாக்கர்ட்ங்கிற பிரேம் அடுக்கற சாப்ட்வேர்ல பைலைப் போடுங்க, பிளானட் மோட் தேர்ந்தெடுத்து அனலைஸ் அமுக்கினா தரவாரியா எல்லா பிரேமையும் வரிசைப்படுத்தி ஒரு கிராப் காட்டும். அதுல கோடு 50 சதவீதத்தை எங்க தாண்டி இறங்குதோ அந்த அளவு பிரேம் எடுக்கலாம், சுமாரான ராத்திரின்னா 10 சதவீதம், நல்ல ராத்திரின்னா 30 வரைக்கும். அலைன்மென்ட் பாயின்ட் சைஸ் 48 வச்சு கிரிட் போட்டு ஸ்டாக் (அடுக்கறது) குடுங்க, டிஃப்னு ஒரு படப் பைல் வரும். திறந்து பாத்தா மங்கலா வெண்ணெய் மாதிரி இருக்கும், அதுதான் சரியான ஸ்டாக், வேலை இனிமேதான்.

அந்த டிஃப்பை ரெஜிஸ்டாக்ஸ்ங்கிற சாப்ட்வேர்ல திறந்து முதல்ல ஆர்ஜிபி அலைன் பண்ணுங்க, ஒரு ஓரம் நீலம் ஒரு ஓரம் சிவப்புன்னு இருக்கிறது போயிடும். அப்புறம் விவரத்தைக் கூர்மையாக்கற வேவ்லெட், ஆறு லேயர் இருக்கும், முதல் லேயர் ரொம்ப பொடி விவரம், அதுலதான் இரைச்சலும் இருக்கு, அதனால 2, 3ல இருந்து ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க, கூடவே டீநாய்ஸையும் கொஞ்சம். பட்டைக்கு ஓரத்துல சுருள் சுருளா மேகம் பிரிஞ்சு வர்றதை பாத்ததும் கை நிக்காது, இன்னும் இன்னும்னு இழுக்கும். எங்க நிறுத்தணும்னு தெரிய நிலாவைப் பாருங்க, அயோவைச் சுத்தி கறுப்பா ஒரு வளையம் வந்தா நீங்க எல்லை தாண்டிட்டீங்க, கிரகத்தோட விளிம்புல வெங்காயத் தோல் மாதிரி இன்னொரு கோடு தெரிஞ்சாலும் அதே கதைதான், பின்னாடி வாங்க. செவ்வாய்ல இந்த விளிம்புக் கோடு ரொம்ப படுத்தும். கலரையும் விட்டுடாதீங்க, வியாழன் பால் கலந்த வெளிர் நிறம், சிவப்புப் புள்ளி கூட சாயம் போன செங்கல் மாதிரிதான் இருக்கும், நெட்ல வர்ற ஆரஞ்சுப் பழ கலருக்கு போட்டி போடாதீங்க.

மத்த கிரகத்துல சனி ஆரம்பிக்கிறவங்களுக்கு சந்தோஷம் குடுக்கும், வளையம் வந்தா போதும் வீடே கூடிடும். செவ்வாய் 2027ல கூட 13.8 ஆர்க்செகண்ட்தான், 2018ல 24 வரைக்கும் போச்சு, அதோட ஒப்பிட்டு ஏமாறாதீங்க, துருவப் பனித் தொப்பியும் கறுப்புத் திட்டும் 8 இன்ச்ல வரும். வெள்ளியில பிறை மட்டும்தான், மேகம் வேணும்னா யூவி பில்டர் தேவை. யுரேனஸ் 4 ஆர்க்செகண்ட் கூட இல்ல, பச்சை நீலத்துல ஒரு பொட்டு, அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

கை கொஞ்சம் பழகினதும் வின்ஜூபோஸ் பக்கம் போங்க, அடுத்தடுத்து எடுத்த அஞ்சாறு ஸ்டாக்கை கிரகம் சுத்தினதை திருப்பிச் சுத்தி ஒண்ணா சேக்கும், பத்து பதினஞ்சு நிமிஷ டேட்டா ஒரே படமாகும். அதுக்கு நேரம் துல்லியமா இருக்கணும், எடுக்கறதுக்கு முன்னாடி லேப்டாப் கடிகாரத்தை நெட்டோட சிங்க் பண்ணுங்க, பைல் பேர்ல யூடி நேரம் (உலகப் பொது நேரம்) போகணும், நம்ம நேரத்துல இருந்து 5 மணி 30 நிமிஷம் கழிக்கணும், விடியக்காலம் 4 மணிக்கு எடுத்தா முந்தின நாள் ராத்திரி 10:30, தேதியும் மாறும், அதுல கவனமா இருங்க. 2009 ஜூலையில ஆஸ்திரேலியாவுல ஆன்டனி வெஸ்லி தன்னோட சொந்த டெலஸ்கோப்ல வியாழன்ல ஏதோ மோதின கறுப்பு தழும்பை கண்டுபிடிச்சாரு. அப்படி புதுசா ஒரு புள்ளி உங்க படத்துல வந்தா முதல்ல கேட்கப்போறது நிமிஷமும் செகண்டும்தான், அதனால ஒரிஜினல் எஸ்இஆர் பைலை உடனே அழிக்காதீங்க, கொஞ்ச நாள் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல கிடக்கட்டும்.